படகின் கயிறுகள்

சாஸ்கடூன்
ஏப்ரல் 22

அன்புள்ள நெஸ்டருக்கு,

இங்கே நான் சுகம். இடுப்பு மட்டும் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. நான் அதன் பின்னால் போகிறேன். நீ எப்படி இருக்கிறாய்? ஒழுங்காகச் சமைக்கிறாயா, இல்லை ரொட்டியும் டீயும் என்று நாளை ஓட்டுகிறாயா?

உன் பார்சல் செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் வந்தது. பீட்ரூட் ஊறுகாய் ஜாடி ஒன்றுகூட உடையவில்லை. நீ சேர்த்து முடித்துத் திருப்பிய ஜிக்சா படத்துண்டுப் பெட்டியும் வந்தது. "ஒரு துண்டும் குறையவில்லை. ஆனால் வானம் முழுக்க ஒரே நீலம். இப்படி ஒரு தண்டனையை எந்த டீச்சரும் கொடுக்கக் கூடாது" என்று மூடிக்குள் நீ எழுதியிருந்ததைப் படித்துத் தனியாகச் சிரித்தேன். அடுத்த படம் வானமே இல்லாததாகப் பார்த்து அனுப்புகிறேன்.

ரேடியோவில் கேட்டாயா? மே மாதக் கடைசியோடு உன் ஓஸெரோ பக்கத்து ஊர்களுக்கு எல்லாம் பஸ் நின்றுவிடுமாம். கேட்டதிலிருந்து எனக்கு உன் கண் ஊசி ஒன்றுதான் நினைவு. மாதம் ஒருமுறை நீ காலை பஸ்ஸில் வருவாய், நான் நிலையத்தில் நிற்பேன், ஊசி போட்டபின் என் வீட்டில் சூப், சாயங்கால பஸ்ஸில் உன்னை ஏற்றிவிடுவேன். இனி எப்படி? உன் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. நானும் இந்த இடுப்பை வைத்துக்கொண்டு கார் ஓட்டுவதை விட்டுவிட்டேன்.

கிளினிக்கில் நர்ஸ் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "மாசா மாசம் போட்டா பார்வை அப்படியே நிக்கும். விட்டா போயிடும். போனது திரும்பி வராது." நம் வீட்டில் ஜனவரியில் ஓர் இரவு அடுப்பு அணைந்து, தண்ணீர் உறைந்து குழாய் வெடித்ததே, அதுபோலத்தான். மறுநாள் எவ்வளவு விறகு போட்டாலும் வெடித்த குழாய் ஒட்டாது.

வேறு வழி இல்லையென்றால் என்னிடம் வந்து இரு. என் சோபா உன்னைவிட நீளம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. பதில் போடு.

உன் அக்கா,
வெர்னா

*

ஓஸெரோ
மே 7

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். கண் நலம். காது பழைய கதைதான், போனில் பாதி கேட்பதில்லை. நேற்று தபால்காரர் குட்மார்னிங் சொன்னதற்கு "வேண்டாம், இப்பதான் சாப்பிட்டேன்" என்றேனாம். உன் இடுப்புக்கு என் வணக்கம் சொல்.

பஸ் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து ஊர் மண்டபத்தில் கூட்டம் போட்டார். நல்ல சட்டை, நல்ல பேச்சு. "சராசரியா ஒரு பஸ்ஸுக்கு ரெண்டு மூணு பேர்தான் வர்றாங்க" என்றார். நான் எழுந்து, "அந்த ரெண்டு மூணுல ஒருத்தன் நான்தாங்க" என்றேன். மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்தார். அதோடு என் கேள்விக்குப் பதில் சொல்லியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

மார்வின், அறுவடை நேரத்தில் இயந்திரம் உடைந்தால் பாகம் எதில் வரும் என்று கேட்டான். டோரீனுக்குத்தான் கோபம். அவள் பெட்ரோல் பங்க் வாசலில்தானே பஸ் நிற்கும், டிக்கெட்டும் அவள்தான் கொடுப்பாள். "நம்ம ஊர் கிளினிக்லேருந்து ரத்தம் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புறோமே, அத இனிமே நான் நடந்து கொண்டுபோய்க் குடுக்கவா?" என்றாள். அவர் குறித்துக்கொண்டார். நிறையக் குறித்துக்கொண்டார்.

நீ கவலைப்படாதே. யாராவது ஒருவர் வாரம் தவறாமல் நகரத்துக்குப் போகிறார்கள். தனியார் வேன் ஒன்று வரப்போவதாகவும் சொல்கிறார்கள். சோபாவுக்கு நன்றி. எனக்கு இங்கே தோட்டம் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நெஸ்டர்

*

ஓஸெரோ
ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். ஊசி போட்ட எரிச்சல் காலையிலேயே அடங்கிவிட்டது. நிலையத்தில் நீ நெடுநேரம் நின்றாய். இடுப்பு வலிக்கிறதா?

கடைசி பஸ் என்பதால் வழியெல்லாம் ஆட்கள் நின்றார்கள். ஏறுவதற்கு இல்லை, பார்ப்பதற்கு. இத்தனை பேர் முன்பே டிக்கெட் வாங்கியிருந்தால் பஸ் ஓடிக்கொண்டே இருந்திருக்கும் என்று டிரைவர் ராஸிடம் சொன்னேன். "அவங்கள விடுங்க. நீங்க ஒரு ஆளே முப்பது டிக்கெட்டுக்குப் பேசிட்டு வருவீங்க" என்றான்.

ஓஸெரோவில் பாதி ஊர் டோரீன் கடை வாசலில். ராஸ் இறங்கி, கம்பத்திலிருந்த பஸ் நிறுத்தப் பலகையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டான். "வச்சுக்கோங்க நெஸ்டர். இதுக்கு நீங்க எப்பவோ காசு குடுத்தாச்சு."

"பலகைய எதுக்குக் குடுக்கற? இவரையே ஏத்திட்டுப் போய் மியூசியத்துல வை" என்றாள் டோரீன். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு பஸ் போயிற்று. மார்வின் மேகத்தைப் பார்த்து மழை வருமா என்றான். வராது என்றேன்.

பலகையை முன்வாசலில் சாய்த்து வைத்திருக்கிறேன்.

நலமாக இரு.

நெஸ்டர்

*

சாஸ்கடூன்
ஜூன் 19

அன்புள்ள நெஸ்டருக்கு,

சுகம்தானே? நானும் அப்படியே. உன் கடிதம் வந்து சேர ஒன்பது நாள் ஆயிற்று. முன்பு நீ காலையில் டோரீனிடம் கொடுத்தால் சாயங்காலம் என் கையில் இருக்கும். இப்போது ரெஜைனா வரை போய், அங்கே தூங்கி எழுந்து வருகிறதாம். நமக்கும் ரெஜைனாவுக்கும் என்ன சம்பந்தம்?

போன வியாழக்கிழமை காய்கறி வாங்கப் போனவள், கால் பழக்கத்தில் பஸ் நிலையத்துக்கே போய்விட்டேன். கதவில் சங்கிலி. உள்ளே பெஞ்சுகள் அப்படியே இருந்தன. என்னைப்போல இன்னொரு பெண்மணியும் வந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொண்டோம். யாருக்காகக் காத்திருப்பீர்கள் என்று இருவருமே கேட்கவில்லை.

சரி, ஜூலை ஊசிக்கு யார் கூட்டி வருகிறார்கள்? "யாராவது" என்று எழுதாதே. வகுப்பில் "ஜன்னலை யாராவது சாத்துங்க" என்றால் நாற்பது பிள்ளைகளும் நாற்பது பேரைப் பார்ப்பார்கள். "பீட்டர், நீ சாத்து" என்றால்தான் சாத்துவான். அதனால் பெயரைச் சொல்.

தோட்டத்தில் வேலை செய்யும்போது தொப்பி போட்டுக்கொள்.

அக்கா,
வெர்னா

*

ஓஸெரோ
ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலம் என்பதை நீயே நேரில் பார்த்தாயே. மார்வின் உன் சூப்பைப் பற்றி இன்னும் பேசுகிறான். இந்த வயதிலும் உன் முன்னால் முழங்கையை மேசையில் வைக்கப் பயமாக இருந்ததாம். அவன் உன் வகுப்பில் எத்தனை வருடம் இருந்தான்? ஒன்றா, அதே வகுப்பில் இரண்டா?

திரும்பி வந்ததும் அவன் வீட்டு கேட்டருகே பெட்ரோலுக்கு என்று பணத்தை நீட்டினேன். கன்னத்தில் அறைந்ததுபோல் பார்த்தான். "அத உள்ள வையுங்க. என்னய என்னன்னு நெனச்சீங்க?" என்றான். மன்னிப்புக் கேட்டு உள்ளே வைத்தேன்.

அன்று அவன் வைக்கோல் கட்ட வேண்டிய நாள். ஒரு வாரம் காத்திருந்து வானம் தெளிந்த நாள். காலை முதல் ஊசி முடியும் வரை கிளினிக் வாசலில் காரில் உட்கார்ந்திருந்தான். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது, மூன்று நாள் விடவில்லை. வயலில் கிடந்ததெல்லாம் கறுத்துவிட்டது. "புல்லுதானே, போனா போவுது" என்கிறான்.

அந்தத் தனியார் வேன் இரண்டு முறை வந்தது. நான்கு பேர் சேர்ந்தால்தான் எடுப்பார்களாம். மூன்று பேர்தான் இருந்தோம். இனி வராது.

உன் இடுப்பு ஆபரேஷன் தேதி வந்ததா?

நெஸ்டர்

*

சாஸ்கடூன்
ஜூலை 27

அன்புள்ள நெஸ்டருக்கு,

உன் நலத்துக்கு தினமும் ஒரு நிமிடமாவது பிரார்த்திக்கிறேன்.

தேதி வந்துவிட்டது. ஆகஸ்ட் எட்டாம் தேதி இடுப்பை மாற்றுகிறார்கள். பிறகு நடைப்பயிற்சிக்கு என்று மறுவாழ்வு விடுதியில் வைத்திருப்பார்களாம்; என் வயதுக்கு இரண்டு மாதத்துக்கு மேலும் ஆகலாம் என்கிறார்கள். உன் ஆகஸ்ட் ஊசிக்கு நான் இருக்க மாட்டேன். அதற்குப் பிந்தியதற்கும் இல்லை. அதுதான் என் மனதில் முள்ளாக இருக்கிறது. மார்வினிடம் மறுபடி கேட்டாயா? இல்லையென்றால் டோரீனிடம் கேள். அவள் மகள் இங்கேதானே இருக்கிறாள், மாதம் ஒருமுறை வருவாளே.

விடுதிக்குப் போகுமுன் உனக்கு அடுத்த ஜிக்சா அனுப்புகிறேன். துறைமுகத்தில் நிற்கும் பாய்மரப் படகு. தபால் செலவைக் கேட்டு மயக்கம் வந்தது. பஸ்ஸில் ஒரு காபி விலைக்குப் போன பெட்டி இது. பரவாயில்லை. இலையுதிர்காலத்தில் பொழுது சுருங்கும்போது உனக்கு மேசையில் ஏதாவது இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். எனக்காகக் கவலைப்படாதே, கவலையை உன் கண்ணுக்குப் படு.

அக்கா,
வெர்னா

*

ஓஸெரோ
ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று டோரீனுக்குத் தகவல் வந்தது. சந்தோஷம். வலி அதிகமா? டாக்டர் சொல்வதைக் கேள். அவர் உன் மாணவன் இல்லை, அதட்டாதே.

ஆகஸ்ட் ஊசி ஆயிற்று. டோரீன் கூட்டிப்போனாள். அவளுக்கு அவசரம், அதனால் உன்னைப் பார்க்க வர முடியவில்லை.

பெட்டி வந்தது. மூடியில் படகு அழகாக இருக்கிறது. அறுவடை முடிந்தபின் திறப்பேன்.

தோட்டத்தில் உருளை நன்றாக வந்திருக்கிறது.

நெஸ்டர்

*

சாஸ்கடூன், மறுவாழ்வு விடுதி
செப்டம்பர் 20

அன்புள்ள நெஸ்டருக்கு,

நான் சுகமாகிக்கொண்டு வருகிறேன். கம்பி வண்டியைத் தள்ளிக்கொண்டு தாழ்வாரத்தின் கடைசி வரை போய் வருகிறேன். உன் கடிதம் ஒரு கை அகலம்கூட இல்லை. உருளைக்கிழங்கைப் பற்றி ஒரு வரி, கண்ணைப் பற்றி ஒரு வரி. கணக்குப் பரீட்சையில் விடையை மட்டும் எழுதிவிட்டு வழியை எழுதாத பையன்போல் இருக்கிறது. விடை சரியாக இருந்தாலும் நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

என் அறையில் இன்னொரு அம்மாள் இருக்கிறார், வடக்கே பழங்குடியினருக்கான ஒரு ரிசர்விலிருந்து வந்தவர். ஆபரேஷனுக்கு வர பேரன் ஏற்பாடு செய்தான். திரும்பிப் போக யாரும் இல்லை. டாக்டர் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லி ஆறு நாள் ஆகிறது. பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். "எனக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். உடம்பு சரியாயிடுச்சு. ரோடுதான் சரியாகல" என்கிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம், உனக்கு மார்வினும் டோரீனும் இருக்கிறார்கள் என்று தேற்றிக்கொள்கிறேன்.

செப்டம்பர் ஊசி என்ன ஆயிற்று? டாக்டர் என்ன சொன்னார்? கொஞ்சம் நீளமாக எழுது. இங்கே படிக்க வேறு ஒன்றும் இல்லை.

குளிர் தொடங்கிவிட்டது. கழுத்தை மூடிக்கொள்.

அக்கா,
வெர்னா

*

ஓஸெரோ
அக்டோபர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். எழுத்து பெரிதாக இருக்கிறதே என்று பார்க்காதே. பேனா மை குளிரில் உறைகிறது. அதனால் பெட்டி மேல் பெயர் எழுதும் தடித்த பேனாவை எடுத்திருக்கிறேன். கோடு போடாத தாள் வேறு, வரி மலை ஏறுகிறது.

நீளமாக எழுதச் சொன்னாய். நன்றி கூறும் திருநாளுக்கு டோரீன் வான்கோழியும் கோஸ் இலைச் சுருளும் கொண்டுவந்தாள். உன் கைப்பக்குவம் இல்லை. செப்டம்பர் ஊசிக்கு மார்வின், அக்டோபருக்கு டோரீன். டாக்டர் அப்படியே இருக்கிறது என்றார்.

ஜிக்சாவை முடித்துவிட்டேன். நல்ல படம். சிவப்பு அடிப்பாகம் சுலபம். படகின் கயிறுகள்தான் என்னைப் படுத்திவிட்டன. எல்லாம் ஒரே பழுப்பு, எது எங்கே போகிறது என்றே தெரியவில்லை. ஒரு துண்டும் குறையவில்லை.

வீட்டுக்கு வந்ததும் படியில் மெதுவாக ஏறு.

நெஸ்டர்

*

சாஸ்கடூன்
நவம்பர் 5

அன்புள்ள தம்பிக்கு,

உன் உடல்நலம் எப்படி என்று வழக்கம்போல் கேட்கத்தான் தாளை எடுத்தேன். கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டேன். ஜாடிகளை எடுக்கலாம் என்று அலமாரியைத் திறந்தேன். அங்கே இன்னொரு ஜிக்சா பெட்டிக்குள் சிவப்பு நூலால் கட்டிய பை ஒன்று இருந்தது. பிரித்துப் பார்த்தேன். படகு, நெஸ்டர். கயிறு, பாய், சிவப்பு அடிப்பாகம் எல்லாம் அதில் இருந்தன. இரண்டு படங்களையும் தூசி தட்டப் பெட்டியிலிருந்து எடுத்தபோது பைகளை மாற்றிப் போட்டிருக்கிறேன். உனக்கு வந்த படகுப் பெட்டிக்குள் இருப்பது கோழிப் பண்ணைப் படம். வைக்கோல்மேல் நிற்கும் கோழிகள். அதில் ஒரு கயிறுகூடக் கிடையாது.

புத்தகத்தைப் படிக்காமல் அட்டைப் படத்தைப் பார்த்துக் கதை சொல்லும் பிள்ளைகளை எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அந்த வரிசையில் உன்னைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

உன்னிடம் கேட்டால் மறுபடி நலம் என்பாய். அதனால் டோரீனுக்குப் போன் செய்தேன். அவள் கடையில் மார்வின் காபி குடித்துக்கொண்டிருந்தான். ஆகஸ்டிலும் அக்டோபரிலும் நெஸ்டரைக் கூட்டி வந்ததற்கு நன்றி என்றேன்.

"நானா? நான் மார்வின்தான் கூட்டிட்டுப் போறான்னு நெனச்சேனே டீச்சர்" என்றாள். பிறகு போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, "ஏய் மார்வின், நெஸ்டர ஊசிக்கு நீதானே கூட்டிட்டுப் போற?"

"இல்லையே. ஜூலைல ஒருதடவ போனதோட சரி. நீ கூட்டிட்டுப் போறன்னு சொன்னாரே."

"எங்கிட்ட உன் பேரச் சொன்னாரு!"

"சவாரி இருக்குன்னாரு. அதுக்கு மேல நோண்டிக் கேட்டா நல்லாவா இருக்கும்?"

"இப்பவே அவர் வீட்டுக்குப் போறேன் டீச்சர்" என்று டோரீன் போனை வைத்தாள்.

தம்பி, நீ யாரோடும் வரவில்லை. மூன்று மாதம். நான் கேட்பது ஒன்றுதான். உனக்கு இப்போது எவ்வளவு தெரிகிறது? இந்தக் கடிதத்தை நீயே படிக்கிறாயா?

அக்கா

*

ஓஸெரோ
நவம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சொல்லச் சொல்ல டோரீன் எழுதுகிறாள். உன் கடிதத்தையும் அவள்தான் படித்தாள். நீ ஆரோக்கியமாக இருக்க வேண்டும் என்று முதலில் எழுதச் சொன்னேன். அது முடிந்தது.

போன வாரம் இரண்டு பேரும் என்னைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். கடத்திக்கொண்டு போனார்கள் என்று சொல்ல வேண்டும். அன்று முழுக்கச் சோதனை, அதனால் உன் வீட்டுக்கு வரவில்லை. உன் முகத்தை எதிரில் வைத்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை. இடது கண்ணில் நடுப்பகுதி போய்விட்டது. வலதில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அதைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். போனது போனதுதான். எனக்கு ஓரங்கள் தெரிகின்றன. வாசலில் பாப்லர் மரம் தெரிகிறது, அதில் உட்காரும் பறவை தெரிவதில்லை. டோரீனின் காதுத் தோடு தெரிகிறது, முகம் தெரிவதில்லை. அவளுக்கு அதில் லாபம்தான் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

சிரிக்க மாட்டேன் டீச்சர். இந்த ஆளை அடிக்கணும்போல இருக்கு. இதை நானே எழுதுகிறேன், அவருக்குத் தெரியாது. டோரீன்.

ஏன் கேட்கவில்லை என்றுதான் நீ நினைப்பாய். மார்வினிடம் ஒருமுறை கேட்டேன். அவன் வைக்கோல் கறுத்தது. பணம் கொடுத்தால் வாங்க மாட்டான், யாரும் வாங்க மாட்டார்கள். வாங்காத ஆளிடம் இரண்டாம் முறை எப்படிக் கேட்பது? மாதாமாதம், உயிரோடு இருக்கும் வரை? பஸ்ஸில் நான் டிக்கெட் எடுத்தேன், அக்கா. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இறங்கும்போது ராஸுக்கு ஒரு கை அசைத்தால் போதும். யாருக்கும் நன்றிக்கடன் இல்லாமல் நகரத்துக்குப் போய் வந்தேன். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பஸ் நின்றபிறகுதான் எனக்கே தெரிந்தது.

கிளினிக்கிலிருந்து கூப்பிட்டபோதெல்லாம் அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். செப்டம்பரில் ஒருநாள் மட்டும் முயற்சி செய்தேன். நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலை முனையில் போய் நின்றேன். நம் ஊர் வண்டிகள் வந்தன. எல்லோரும் ஸ்டியரிங்கிலிருந்து விரலைத் தூக்கி வணக்கம் சொன்னார்கள். நானும் கையைத் தூக்கினேன். நான் நிறுத்தச் சொல்கிறேன் என்று யாருக்கும் தோன்றவில்லை, என் கையும் பழக்கத்தில் வணக்கமாகவே போய்விட்டது. ஒருவன் வண்டியை மெதுவாக்கி, "என்ன நெஸ்டர், எல்லாம் சரிதானே?" என்றான். "சும்மா நடக்கறேன்" என்றேன். அது மார்வின்.

அவர் இதைச் சொன்னபோது மார்வின் இங்கேதான் இருந்தான் டீச்சர். எழுந்து வெளியே போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து வந்து, வண்டியில் ஹீட்டர் போட்டுவிட்டு வந்தேன் என்றான். வண்டி ஓடவே இல்லை.

இன்னொரு விஷயம் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைக்கு உங்கள் போன் வந்ததும் இவர் வீட்டுக்குள் போனேன். சமையலறை மேசையில் உங்கள் ஜிக்சா. ஓரம் மட்டும் முழுசாக இருக்கு, நாலு பக்கமும், ஒரு துண்டு தவறாமல். ஓரத் துண்டுக்கு ஒரு பக்கம் நேராக இருக்குமே, விரலால் தடவித் தடவிப் பொருத்தியிருக்கிறார். நடுவில் வெறும் மேசை. மிச்சத் துண்டெல்லாம் சூப் கிண்ணத்தில். அது படகு இல்லை கோழி என்று நான் சொன்னதும் மேசையைத் தடவிப் பார்த்துவிட்டு, "கோழியா" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அவ்வளவுதான்.

டிக்கெட் புத்தகம் பாதி என்னிடம் மிச்சம் இருக்கிறது. இனி மாதாமாதம் என் கவுண்டரில் டிக்கெட் எடுத்துவிட்டுத்தான் மார்வின் வண்டியில் ஏற வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பணம் பெட்ரோலுக்கு. "டிக்கெட்னா சரி" என்று மார்வினும் ஒத்துக்கொண்டான்.

டோரீன் என்ன இவ்வளவு நேரம் எழுதுகிறாள் என்று தெரியவில்லை. நான் சொன்னது அவ்வளவு இல்லை. குளிரில் வெளியே போகாதே.

நெஸ்டர்

*

சாஸ்கடூன்
டிசம்பர் 4

அன்புள்ள நெஸ்டருக்கு,

டோரீன், முதலில் அவன் காதுக் கருவியை மாட்டச் சொல். பிறகு சத்தமாகப் படி.

தம்பி, நான் நன்றாக இருக்கிறேன். புது இடுப்பு சொன்ன பேச்சைக் கேட்கிறது. நீ எப்படி இருக்கிறாய் என்று இனி கடிதத்தில் கேட்கப்போவதில்லை.

என் வகுப்பில் கையே தூக்காத பிள்ளைகள் இருப்பார்கள். விடை தெரியாததால் இல்லை. தன்னால் வகுப்பு ஒரு நிமிடம் நிற்க வேண்டியிருக்குமே என்று. அப்படிப்பட்ட பிள்ளையைத் தேடிப்போய் நான் பக்கத்தில் நிற்பேன். எத்தனையோ பேருக்குச் செய்தேன். உனக்குச் செய்யவில்லை. ஜூலையில் உன் கடிதத்தில் வைக்கோல் கறுத்த கதை இருந்தது. அதை வெறும் செய்தி என்று படித்தேன்.

நேற்று மார்வினுக்குப் போன் செய்தேன். பன்னிரண்டாம் தேதி உன்னை ஊசிக்குக் கூட்டி வருகிறான் அல்லவா, திரும்பும்போது என்னையும் என் பெட்டியையும் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்றேன். குளிர்காலம் முழுக்க அங்கேதான். பழைய நாட்காட்டிப்படி ஜனவரி ஏழாம் தேதி வரும் நம் கிறிஸ்துமஸை இருவரும் ஒரே மேசையில் சாப்பிடலாம். அதோடு, மாதாமாதம் நான் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன், எல்லா மாதத்துக்கும் சேர்த்து இப்போதே கேட்கிறேன் என்றேன். "டீச்சர், இத மே மாசமே யாராவது..." என்று தொடங்கினான். முடிக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்த டிக்கெட் புத்தகம் மே மாதமும் டோரீனின் மேசை இழுப்பறைக்குள்தான் இருந்தது என்பதை மூன்று பேரும் சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்போம்.

எனக்கும் ஒரு டிக்கெட் போட்டுவை, டோரீன். நெஸ்டர் வாசலில் சாய்த்து வைத்த பலகையைத் திரும்பவும் கம்பத்தில் மாட்டச் சொல். வண்டி எங்கே நிற்கும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

நெஸ்டர், மேசையில் இருப்பதைக் கலைக்காதே. ஓரத்தை நீ முடித்துவிட்டாய். நடுவை நான் வைக்கிறேன். ஒவ்வொரு கோழியாக வரும்போது எது வந்தது, என்ன நிறம், எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்கிறேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து கேள். எங்காவது ஒரு துண்டு குறைந்தால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் அக்கா,
வெர்னா